குப்பைமேட்டுக் கோழி

காலையில் பக்கத்து வீட்டுக் கோழி குப்பையைக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தது. எத்தனை பாக்டீரியா உள்ளே போயிருக்கும்!

பாக்டீரியா டிஎன்ஏவில் சி, ஜி என்ற வேதி எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடங்கள் பெரும்பாலும் மொட்டைத் தலை. நம்முடையதில் அங்கே மெத்தில் என்ற தொப்பி இருக்கும். மொட்டையைப் பிடிப்பது நம் நோய் எதிர்ப்பு செல்களில் உள்ள டிஎல்ஆர்9 என்ற ஏற்பி, அதாவது கிருமியை உணரும் புரதம். 2000இல் ஜப்பானின் ஒசாகாவில் அகிரா என்ற ஆய்வாளரின் குழு இதை எலியில் காட்டியது.

எலியின் ஏற்பிக்குப் பிடித்த எழுத்து வரிசை ஜி-ஏ-சி-ஜி-டி-டி. நம்முடையதற்கு ஜி-டி-சி-ஜி-டி-டி.

ஒரே ஓர் எழுத்து! எலியிடம் துள்ளிய டிஎன்ஏ துணுக்கு மனிதரிடம் மந்தமாகிவிடும். இந்தத் துணுக்குகளை எலியில் சோதித்து மருந்து செய்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சரி, கோழிக்கு? அதனிடம் டிஎல்ஆர்9 கிடையவே கிடையாது. அந்த வேலையை டிஎல்ஆர்21 என்ற வேறோர் ஏற்பி பார்க்கிறது. அது நம்மிடம் இல்லை.

கோழி இன்னும் கிளறிக்கொண்டுதான் இருக்கிறது.