ஸ்ரீவில்லிபுத்தூர்: மாலை, கிளி, பால்கோவா

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர். திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று பஸ் போகப் போக கரிசல் மண்ணும் பருத்தியும்தான் கண்ணில் படும், மேற்கே மட்டும் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். அவ்வளவு பக்கத்தில் மலை இருந்து என்ன, தென்மேற்குப் பருவக்காற்று மழையை முக்கால்வாசி கேரளாப் பக்கமே இறக்கிவிட்டுத்தான் இங்கே வருகிறது. கண்மாய் நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, மாடுதான் துணை. அந்த மாட்டுக்கும் கோவிலுக்கும் சம்பந்தம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஊருக்குள் நுழையும் முன்பே கோபுரம் தெரிந்துவிடும். 11 நிலை, 190 அடிக்கு மேல் உயரம், அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஆட்டோக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். பலர் அதை ஆண்டாள் கோவில் கோபுரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது பக்கத்தில் உள்ள வடபத்ரசாயி கோவிலின் கோபுரம். படியேறிப் போனால் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். இரண்டு கோவிலுக்கும் நடுவில்தான் பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த நந்தவனம். பன்னிரண்டு ஆழ்வார்களில் அப்பாவும் மகளுமாக இரண்டு பேரைத் தந்த ஊர், சும்மாவா!

ஆண்டாள் சந்நிதியில் அவள் மணந்த பெருமாளான ரங்கமன்னாரும் கருடாழ்வாரும் கூடவே நிற்கிறார்கள். வழக்கமாகப் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடன் இங்கே கருவறைக்குள்ளேயே பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறார். ஆனால் எனக்கு என்னவோ கண் முழுக்கக் கிளி மேல்தான். அம்மாள் கையில் இருக்கும் அந்தப் பச்சைக்கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள்: மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, வாழைநாரில் கட்டு. மறுநாள் வேறு கிளி. இப்படி ஒரு வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள் என்றால் அது வெறும் கைத்தொழில் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஊரை விட்டும் போகிறது. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அவர் கழுத்தில் கிடப்பது இங்கிருந்து போன மாலைதான், புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருடசேவைக்குத் திருப்பதிக்கும் மாலையும் கிளியும் போகும். பங்குனிக் கல்யாணத்துக்கு அங்கிருந்து பட்டு வரும். மாமியார் வீடு மாதிரி சீர் போக்குவரத்து!

சரி, மாட்டு விஷயம். ஆண்டாள் இந்த ஊரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோவிலை நந்தகோபன் வீடாகவும் பாவித்துத்தான் திருப்பாவை பாடினாள் என்பார்கள். அந்த முப்பது பாட்டில் பல இடத்தில் மாடும் பாலும் நெய்யும் வரும். இன்றைக்குச் சுற்றுக் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடைகளுக்கும் வந்து, விறகடுப்பில் சர்க்கரையோடு சுண்டி பால்கோவாவாகிறது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சன்னதித் தெருப் பக்கம் ஒரு கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அகன்ற இரும்புச் சட்டி, நீளத் துடுப்பு, கை ஓயாமல் கிண்டும் ஒருவர், நெற்றி வேர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டு, "அக்கா, தள்ளி நில்லுங்க, தெறிக்கும்" என்றார். ஓரத்தில் லேசாகப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பழுப்பைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே சேர்ப்பதில்தான் ருசியே இருக்கிறது.

பஞ்சு மில், கைத்தறி என்று வேறு பிழைப்பும் உண்டு, கிழக்கே போனால் சிவகாசி, தெற்கே ராஜபாளையம். ஆனாலும் மார்கழியிலும் ஆடிப்பூரத் தேரின்போதும் கடைத்தெருவைப் பார்த்தால் ஊர்ப் பணம் எங்கே சுழல்கிறது என்று தெரிந்துவிடும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கோவா வாங்கும்போது "இன்னைக்குக் கிண்டினதா?" என்று கேட்டு, சூடு ஆறாததாக இருந்தால் அரைக்கிலோ கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், பஸ்ஸிலேயே பாதி காலியாகிவிடும்.