ஐசோ டிரம்மும் மழைக்காலமும்

நவம்பர் மழையில் ஒரு மொட்டை மாடிக்குப் பாலியூரியா என்ற பூச்சு அடிக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி, எல்லாவற்றையும் குடோனில் கொண்டுவந்து வைத்திருந்தோம். ஐசோ (ஐசோசயனேட்), ரெசின் என்ற இரண்டு திரவங்களை மெஷின் வழியாக இழுத்து, ஸ்ப்ரே கன்னில் கலந்து அடிப்பதுதான் இந்தப் பூச்சு. இரண்டு நாள் கழித்துக் காலையில் தம்பி போன் செய்தான். "அண்ணே, ஐசோ டிரம் மேல்பக்கம் உப்பியிருக்கு, மூடியைத் திறந்து விட்டுரவா?" எனக்குக் கை உதறிவிட்டது. தொடாதே, வெளியே வா, யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சப்ளையருக்குச் சொல்லி அவர்களுடைய ஆட்கள் முழுக் கவசத்தோடு வந்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வாயுவை வெளியே விட்டார்கள். அவன் அவசரத்தில் ஒரே திருகாகத் திருகியிருந்தால் மூடி முகத்தில் அடித்திருக்கும்.

காரணத்தைத் தேடினால் மிகச் சின்ன விஷயம். மாடியில் நின்ற டிரம்மின் மேல்தட்டில் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, அதைத் துடைக்காமலே மூடியைத் திறந்து பம்ப்பை வெளியே எடுத்திருக்கிறார்கள், தண்ணீர் உள்ளே வழிந்துவிட்டது, மேலே இறுக்கி மூடியும் விட்டார்கள். ஐசோவும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், கூடவே யூரியா என்ற கெட்டிப் பொருளும் உண்டாகும். வாயு போக வழியில்லாத டிரம் உப்பும், வெடிக்கவும் செய்யும். அதனால் தண்ணீர் பட்டதாகச் சந்தேகம் இருந்தாலே அதை இறுக்கி மூடக் கூடாது.

தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை, நம் ஊர்க் காற்றின் ஈரமே போதும். பம்ப் ஐசோவை இழுக்க இழுக்க அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே போகும், அதனால் காற்று வரும் துளையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டிரையர் கட்டாயம், நிறம் மாறியதும் மாற்றிவிட வேண்டும். வசதி இருந்தால் காற்றுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜன் இன்னும் நல்லது.

மெஷினில் முதலில் அடி வாங்குவது ஐசோ பக்கத்துப் பம்ப் ராடுதான். ராடு மேலே நீட்டிக்கொண்டு இருக்கும்போது நிறுத்திவிட்டுப் போனால், அதில் ஒட்டிய ஐசோ ராத்திரியோடு கல்லாகி, காலையில் கசிவைத் தடுக்கும் சீலை (seal) கிழித்துவிடும். வேலை முடிந்ததும் ராடைக் கீழே இறக்கி நிறுத்துங்கள், ராடைச் சுற்றியுள்ள கப்பில் லூப்ரிகன்ட் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஐசோ பக்கத்து ஃபில்டர் அடிக்கடி அடைத்து, இரண்டு பக்கத்துக்கும் பிரஷர் வித்தியாசம் காட்டினால், உள்ளே ஈரம் போயிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஐசோ பக்கத்துப் பார்ட்ஸை ரெசின் பக்கத்தில் மாட்டவே மாட்டாதீர்கள், கழுவினாலும் சரி. ஹோஸைத் தண்ணீரால் கழுவ வேண்டாம், அதற்கென்று உள்ள திரவம் இருக்கிறது.

கீழே சிந்தினால் மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்து, திறந்த டப்பாவில் அள்ளி, சலவைச் சோடாவும் சோப்பும் கலந்த தண்ணீரை ஊற்றி, வெளியே காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் திறந்தே வையுங்கள், உடனே மூடினால் அதுவும் உப்பும்.

அப்புறம் மூச்சு. ஒருமுறை உடம்பு ஐசோவுக்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் ஆஸ்துமா போல இழுக்கும், அந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டி வரும். வாசனை வரவில்லை என்பதை நம்பவே கூடாது. அடிக்கும்போது வெளிக்காற்று தரும் மாஸ்க், கையுறை, முழு உடை மூன்றும் இல்லாமல் என் டீமில் யாரும் ஸ்ப்ரே கன்னைத் தொடுவதில்லை. தம்பி இப்போது ஒரு டிரம்மைத் திறப்பதற்கு முன் மேல்தட்டைத் துணியால் இரண்டு முறை துடைக்கிறான்.