லெவல் 3 தேர்வில் ஸ்பெயின் பாடம்: நான் படித்த விதம்

டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பின் லெவல் 3 ரிசல்ட் போன வாரம் வந்துவிட்டது. மெரிட். டிஸ்டிங்ஷன் வரவில்லையே என்று மனதுக்குள் ஓர் உறுத்தல் இருந்தாலும், எழுத்துத் தாளை நினைத்துத் தூக்கம் கெட்டவனுக்கு இதுவே பெரிது. எங்கள் ரெஸ்டாரன்ட்டில் அடுத்த பேட்ச்சுக்குப் பணம் கட்டியிருக்கும் தம்பிகள் இருவர் பிடித்துக்கொண்டார்கள்: "அண்ணா, ஸ்பெயினை எப்படிப் படிச்சீங்க? பேரு ஒண்ணும் வாயிலயே நுழைய மாட்டேங்குது." அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தேர்வு முறை உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வகுப்பில் பிரான்ஸுக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசிகூட ஸ்பெயினுக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஸ்லைடில் ஊர்ப்பெயர், பக்கத்தில் திராட்சையின் பெயர், உடனே அடுத்த ஸ்லைடு. "இது முழுக்க மனப்பாடம்தான், வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. உலகத்திலேயே அதிகப் பரப்பில் ஒயின் திராட்சை போட்டிருக்கும் நாடு அது. என்னைக் கேட்டால், மனப்பாடம் மிகக் குறைவாகத் தேவைப்படும் பாடமும் அதுதான்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. வெற்றுத்தாளில் ஸ்பெயினைக் கையால் வரைந்தேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு தாள். புத்தகத்தைப் பார்க்காமல் வரைய வேண்டும், வரைந்த பிறகுதான் திறந்து சரிபார்க்க வேண்டும். ஊர்ப்பெயரில் தொடங்கவே கூடாது. முதலில் வடக்கே கான்டாப்ரிய மலைத்தொடர். அடுத்து நடுவில் மெசெட்டா பீடபூமி. அதற்கப்புறம் இரண்டு ஆறுகள்: எப்ரோ கிழக்கே ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது, டுவெரோ மேற்கே ஓடி போர்ச்சுகல் வழியாக அட்லாண்டிக்கில் கலக்கிறது. இவ்வளவும் விழுந்த பிறகு ஊர், கடைசியில் திராட்சை.

இந்த வரிசையில் போனால் காரணம் தானாக வந்து நிற்கும். வடமேற்கில் அட்லாண்டிக்கை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது கலீசியா. மழை, ஈரம், மிதமான வெயில். அங்கே ரியாஸ் பைஷாஸில் அல்பாரின்யோ என்ற வெள்ளைத் திராட்சை தாக்குப்பிடிப்பதற்கு அதன் தடித்த தோல் ஒரு காரணம். கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுவதால் கீழே காற்றோட்டம் கிடைத்து, பூஞ்சையும் அடங்குகிறது. மலையின் தெற்கே வந்தால் ரியோஹா. அட்லாண்டிக்கின் குளிரையும் மழையையும் அந்த மலை மதில் மாதிரி நின்று தடுக்கிறது. ரியோஹாவுக்குள்ளேயே மேற்குப் பக்கம் ஆல்டாவும் அலவேசாவும், உயரமும் குளிர்ச்சியும் கூடின இடங்கள், டெம்ப்ரானியோ என்ற சிவப்புத் திராட்சைக்குப் பொருத்தம். எப்ரோவோடு கிழக்கே இறங்க இறங்க உஷ்ணம் ஏறும், மழை குறையும். அதுதான் ஓரியென்டல் (2018க்கு முந்தைய குறிப்புகளில் பாஹா என்று இருக்கும், குழம்பாதீர்கள்). தாமதமாகப் பழுக்கும் கார்னாச்சா திராட்சைக்கு அந்த உஷ்ணம் வேண்டும். டெம்ப்ரானியோவோடு கார்னாச்சாவைக் கலப்பது ஏன் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் படத்திலேயே வந்துவிட்டது. ஆல்கஹாலும் உடற்கட்டும் கார்னாச்சாவிலிருந்து, அமிலமும் மணமும் கிராசியானோ என்ற இன்னொரு திராட்சையிலிருந்து என்று சேர்த்துக்கொண்டால் மீதியும் முடிந்தது.

இனி உயரம். என் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் இந்த ஒரு சொல்தான். ஸ்பெயினில் எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் உயரத்தைத் தேடுங்கள். கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக் கூடாது, அதனால் மாதிரிக்கு நானே ஒன்று வைக்கிறேன். உள்நாட்டில், கோடை வெயில் கொளுத்தும் ரிபெரா டெல் டுவெரோவில் டெம்ப்ரானியோவின் அமிலம் எப்படித் தங்குகிறது? "குளிர்ச்சியான இடம்" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஒரு மார்க் வந்தாலே பெரிது. இப்படிக் கோத்து எழுதுங்கள்: தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கின்றன. பகல் வெயிலில் சர்க்கரை ஏறுகிறது, தோலில் நிறமும் டானினும் (துவர்ப்பு) சேர்கின்றன. இரவில் வெப்பநிலை வெகுவாக இறங்குகிறது. குளிரில் பழம் அமிலத்தைச் செலவழிக்கும் வேகம் குறைகிறது. ஆகவே ஒயினில் அடர்நிறம், நல்ல டானின், கூடவே அமிலம். காரணம், அதனால் பழத்தில் நடப்பது, அதனால் கிளாஸில் தெரிவது. மூன்றும் இருந்தால்தான் அது "விளக்குக". கடைசிப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உயரம் கைகொடுக்காத இடத்தில் மண் கொடுக்கும். பிரியோராட்டில் லிகோரெய்யா என்ற கரும் ஸ்லேட் மண், நடுநடுவே மைக்கா மின்னும். அந்த வறண்ட சரிவில் மேல்மண்ணில் சத்து கிடையாது, ஈரம் ஆழத்தில்தான். வேர் கீழே போயாக வேண்டும். வயதான கார்னாச்சா, கரின்யேனா புதர்க்கொடிகளில் விளைச்சல் சொற்பம், ஒயின் கெட்டி. விலை ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கும் இதே பதிலைத் திருப்பிப் போடலாம். சரிவில் மெஷின் ஏறாது, கையால்தான் அறுக்க வேண்டும் என்பதை மட்டும் சேருங்கள்.

காரணம் யோசிக்க நேரம் இல்லாமல் டக்கென்று வர வேண்டியவை (முதலில் ஊர், அடுத்து திராட்சை):

- பியெர்சோ: மென்சியா. வால்டெயோர்ராஸ்: கொதேயோ.
- ருவேதா: வெர்தெஹோ, துணைக்கு சாவிஞ்ஞோன் பிளாங்க். வெர்தெஹோ காற்றுப்பட்டால் சீக்கிரம் ஆக்ஸிடைஸ் ஆகும், அதனால் இரவு அறுவடை.
- ஹுமியா, யெக்லா: மொனாஸ்ட்ரெல். வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம்.
- உத்தியெல்-ரெக்கேனா: போபால். (ஊர் போபால் இல்லை.)
- லா மான்சா: ஐரென். தண்ணீர் இல்லாததால் கொடிக்குக் கொடி இடைவெளி அதிகம்.
- காவா (ஊர் இல்லை, நுரைக்கும் ஒயின்): மக்காபெயோ, ஷரெல்லோ, பரெய்யாதா. மக்காபெயோதான் ரியோஹாவில் வியூரா.
- டெம்ப்ரானியோவின் வேறு பெயர்கள்: ரிபெராவில் டின்டோ ஃபினோ, டோரோவில் டின்டா தெ டோரோ, வால்டெபென்யாஸில் சென்சிபெல், கட்டலோனியாவில் உல் தெ யேப்ரே.

ரியோஹா சிவப்பு ஒயினை விற்குமுன் குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற எண்களையும் வகைவாரியாக நெட்டுருப் போடத்தான் வேண்டும், தப்பிக்க முடியாது. கிரியான்சா மொத்தம் 24 மாதம், அதில் மரப்பீப்பாயில் 12. ரெசர்வா 36, அதில் 12. கிரான் ரெசர்வா 60, அதில் 24. நாட்டுப் பொதுவிதியில் கிரியான்சாவுக்குப் பீப்பாயில் 6 மாதம், கிரான் ரெசர்வாவுக்கு 18. இந்த வித்தியாசத்தை ரியோஹா பக்கத்து ஓரத்திலேயே குறித்துவையுங்கள்.

ஷெர்ரி (ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய ஒயின்) வேறு பாடம், ஆனால் அதே தாளில் வரைந்துவிடலாம். தெற்கு மூலையில் ஹெரெஸ் ஊர், பாலோமினோ திராட்சை, குளிர்கால மழையைப் பிடித்துவைக்கும் வெள்ளை அல்பரிசா மண். 15 சதவீத ஆல்கஹாலில் ஃப்ளோர் (ஒயின் மேல் படரும் ஈஸ்ட் படலம்) வாழும், 17இல் வாழாது. ஃபினோ, ஒலொரோசோ, நடுவில் திசை மாறும் அமோன்டியாடோ, இந்த மூன்று ஷெர்ரி வகைக்கும் இந்த வரி ஒன்றே திறவுகோல். ஃப்ளோருக்குக் குளிர்ச்சியும் ஈரமும் தேவை என்பதால் கடலோரத்து சான்லூக்கரில் மான்சானியா என்ற வகை.

இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவராது. ஃபிளாஷ் கார்டு வைத்துக் கூட்டாகக் கத்திப் படிப்பவர்கள் என்னோடு உட்கார்ந்தால் எரிச்சல்படுவார்கள், நானும் படுவேன். ஆப் எதையும் நான் தொடவில்லை. என் படத்தின் போட்டோ கேட்காதீர்கள். என் கோழிக்கிறுக்கல் உங்களுக்குப் புரியாது, பார்த்துப் படிப்பதற்கும் அது ஆகாது.

டேஸ்டிங்குக்கு ஒன்று. தனியாக பாட்டில் வாங்கிக் கட்டாது, நான்கு பேர் காசு போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தயாரிப்பாளரின் கிரியான்சாவும் கிரான் ரெசர்வாவும் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். இரண்டு கிளாஸையும் வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். கிரியான்சாவின் விளிம்பு இன்னும் மாணிக்கச் சிவப்பு. கிரான் ரெசர்வாவின் விளிம்பு செங்கல் நிறத்துக்கு நகர்ந்திருக்கும். முதலாவதில் செர்ரி, வெனிலா, பீப்பாய் அமெரிக்க ஓக் மரமாக இருந்தால் தேங்காய். இரண்டாவதில் பதனிட்ட தோல், காளான், காய்ந்த பழம். புத்தகத்தில் மூன்றாம் நிலை மணங்கள் என்று போட்டிருப்பது இதைத்தான். முகர்ந்ததை அங்கேயே எழுதுங்கள், துப்புவதற்கு ஒரு கப் வைத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தேர்வு முடிந்து குடிக்கலாம் என்று எடுத்துவைக்க வேண்டாம், திறந்த பாட்டில் அதுவரை தாங்காது.