கோம்பை நாயும் எங்கள் குறிப்பு நோட்டும்

வீரன் கோம்பை நாய். தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பேரைச் சுமக்கும் இனம். செம்பழுப்பு உடம்பு, கருத்த மூஞ்சி, காவலுக்குப் பேர்போனது. குட்டியில் யார் வந்தாலும் வாலாட்டியவன், இரண்டு வயதை நெருங்கும்போது கேட்டில் கை பட்டாலே சீற ஆரம்பித்தான். "காவல் நாய்னா அப்படித்தான் இருக்கும்" என்பார் அப்பா. "ஒரு நாளைக்கு யாரையாவது பிடுங்கத்தான் போகுது" என்பாள் அம்மா. தம்பி மகள் தவழ்ந்து திரிகிற வீடு என்பதால் இதைப் பேச்சோடு விட எனக்கு மனசில்லை. கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன்.

அவர் குணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உடம்பைத்தான் பார்த்தார். பல், இடுப்பு, காது. வலது காதுக்குள் சீழ் வைத்திருந்தது. தலையைத் தடவினால் உறுமியதற்குக் காரணம் அதுதான். சொட்டு மருந்து விட்டுப் புண் ஆறியதும் அந்த உறுமல் நின்றுவிட்டது. வலி இருக்கிற நாயை முரட்டு நாய் என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். கேட்டில் சீறுவது மட்டும் குறையவில்லை. இந்த வயதில்தான் நாய்க்கு இடத்தைக் காக்கிற குணம் முழுசாக வெளிப்படும் என்றார் மருத்துவர்.

ஒரு நோட்டுப் போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் யார் வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கினான், இவ்வளவுதான் எழுத வேண்டும்.

சிலிண்டர் போடுகிறவர் வந்தால் வீரன் உரக்கக் குரைப்பான், எனக்கும் கேட்டுக்கும் நடுவில் நிற்பான், நடுநடுவே திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். "போதும்டா, வா" என்றால் முனகிக்கொண்டே திண்ணைக்கு வந்து படுத்துக்கொள்வான். என் சொல் அவன் காதில் ஏறியது, ஆள் போனதும் உடம்பு தளர்ந்தது. இது காவல்.

எலும்போடு கட்டிலுக்கு அடியில் கிடக்கும்போது குழந்தை பக்கத்தில் போனால் சத்தமே இருக்காது. மெல்லுவதை நிறுத்துவான், உடம்பு கட்டை மாதிரி விறைக்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அதற்குப் பிறகுதான் அடித்தொண்டையில் ஓர் உறுமல். நாங்கள் குரைப்புக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். மருத்துவர் நோட்டைப் புரட்டி இந்த இடத்தில்தான் விரலை வைத்தார். வீட்டு ஆள்மீதே, அதுவும் குழந்தைமீது திரும்புவதை எந்தக் கணக்கிலும் காவலில் சேர்க்க முடியாது.

கேட்டில் அவன் கொதித்து நின்றபோது அப்பா கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்க, சட்டென்று திரும்பிக் கையைக் கவ்விவிட்டான். தோல் கிழியவில்லை. இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடியை 6 நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல் படாமல் வாயை மட்டும் வீசுவது முதல் நிலை, பல் பட்டும் தோலில் துளை விழாதது இரண்டாவது. நான்காவதில் கோரைப்பல் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். வீரன் இரண்டில் இருந்தான். அந்தக் கட்டத்திலேயே வந்தது நல்லது என்றார் எங்கள் மருத்துவர். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விடாமல், பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அப்பாவை அரசு மருத்துவமனையில் காட்டினோம்.

உறுமினால் அடிக்கச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அதை மட்டும் நான் யாரையும் செய்ய விடவில்லை. உறுமல் நாய் கொடுக்கிற எச்சரிக்கை. அடித்து அதை அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், கடி மிச்சமிருக்கும். பகலெல்லாம் கட்டிப்போட்டால் நல்ல காவல் நாயாகும் என்பதும் எங்கள் பக்கத்தில் ஊறிப்போன நம்பிக்கை. அதில் ஏறுவது வெறிதான்.

கேட்டின் கம்பிகளுக்கு உள்பக்கம் தகரம் அடித்துத் தெரு தெரியாமல் மறைத்தோம். பட்டையைப் பிடிக்காமல் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவுடன் கோழித்துண்டு கொடுத்துப் பழக்கினோம். கடிக்காமலிருக்க வாயில் மாட்டுகிற, கூடை மாதிரியான மசிலுக்குள் தயிர் தடவி வைத்தேன். அவனாகவே மூக்கை நுழைக்கிற வரை வாரைப் பூட்டவில்லை. தட்டில் வாய் வைத்திருக்கும்போது தள்ளி நின்று இன்னும் ருசியான துண்டை எறிந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆள் வந்தால் தன் சோறு பறிபோகாது என்று அவனுக்குப் படிய மாதக்கணக்கில் ஆனது.

இப்போது பெரியவர்கள் தட்டைத் தாண்டிப் போனால் நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. குழந்தை விஷயத்தில் மட்டும் எந்தச் சோதனையும் கிடையாது. எலும்பு பின்கட்டு அறையில், கதவைச் சாத்தித்தான். அவள் கூடத்தில் தவழ்கிற நேரம் வீரன் மசிலோடு என் பக்கத்தில் இருப்பான், அவனைக் கட்டிய கயிற்றை நான் பிடித்திருப்பேன். நோட்டை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். தோல் கிழிகிற மாதிரி ஒரு கடி நடந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.