முட்டையைக் காப்பாற்றப் போய் இரத்தப் பரிசோதனையைக் கெடுத்துக்கொண்ட கதை

"உங்கள் முட்டையை வைத்து முயற்சி செய்தால் பணம்தான் வீணாகும் மேடம், டோனர் முட்டைக்கு, அதாவது வேறொரு பெண் தரும் முட்டைக்கு, எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று கோயம்புத்தூரில் உள்ள ஒரு குழந்தைப்பேறு மையத்தின் ஆலோசகர் சொன்னபோது, அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். அதில், சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சமிருக்கிறது என்று கணிக்க உதவும் ஹார்மோனான ஏ.எம்.எச். எனக்கு மிகக் குறைவாக, 0.4 என்று அச்சாகியிருந்தது. அந்த எண் தவறு என்பதையும், அதைத் தவறாக்கியது முட்டைக்கு நல்லது என்று நம்பி நானே விழுங்கிய மாத்திரைதான் என்பதையும் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. பொள்ளாச்சியிலிருந்து பேருந்தில் மூன்று முறை வீணாகப் போய்வந்தது தனிக் கணக்கு.

எனக்கு வயது 37. மையத்தில் முதல் நாளே முட்டையின் தரத்துக்கு என்று கோஎன்சைம் க்யூ10, மெலடோனின், விட்டமின் ஈ ஆகியவற்றை எழுதிக் கொடுத்தார்கள். இவை போதாதென்று, என் நாத்தனார் முடி கொட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த மாத்திரையையும் சேர்த்துக்கொண்டேன். டப்பாவின் மேல் 'ஆன்டி-ஆக்சிடன்ட்', அதாவது ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்களுக்குச் செய்யும் சேதத்தைத் தடுப்பது, என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. காலையில் இரண்டு மாத்திரை என்று ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். இரத்தம் கொடுத்த அன்றும் ஏழு மணிக்கு விழுங்கிவிட்டு ஒன்பது மணிக்குக் கையை நீட்டினேன்.

முதல் வீண் பயணம் டோனர் முட்டை குறித்த ஆலோசனைக்காக. என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தார். அன்று கோப்பைப் புரட்டிய யாருக்கும் உறைக்காத ஒன்று அதே கோப்பிலேயே இருந்தது: மாதவிலக்கின் இரண்டாம் நாள் எடுத்த ஸ்கேனில் இரு சினைப்பைகளிலும் சேர்த்து ஒன்பது சிறு ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டை வளரும் நுண்பைகள், தெரிந்தன. ஏ.எம்.எச். என்பதே அந்தச் சிறு ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஹார்மோன்தான். ஒன்பது தெரியும்போது 0.4 எப்படி வரும் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். மேலும் ஏ.எம்.எச். முட்டையின் எண்ணிக்கையைக் காட்டுமே தவிர அதன் தரத்தைக் காட்டாது. எனக்கு அன்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியே பேசினார்கள்.

என்னைக் காப்பாற்றியது தைராய்டு அறிக்கை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி4 அதிகமாகவும் வந்திருந்ததால், தைராய்டைச் சரிசெய்யாமல் முட்டைகளை வளர்க்கும் ஊசி தொடங்க முடியாது என்று ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் என் நாடியைப் பார்த்தார், கை நடுங்குகிறதா என்று பார்த்தார், எடை குறைந்ததா என்று விசாரித்தார். தைராய்டு மிகையாகச் சுரந்தால் தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா? சத்து மாத்திரை, பவுடர், நாட்டு மருந்து எதுவா இருந்தாலும் டப்பாவோட கொண்டு வாங்க" என்றார். நான் டப்பாக்களை எடுத்துச் செல்லவில்லை, மாத்திரைகளின் பெயரும் சரியாக நினைவில்லை. அது இரண்டாவது வீண் பயணம். இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்த முறை பையோடு போய் மேசையில் கொட்டினேன். முடி மாத்திரையின் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை அவர் விரலால் காட்டினார்: பயோட்டின் 10 மில்லிகிராம். பி வகை விட்டமினான இது பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். தினம் இரண்டு மாத்திரையாக நான் விழுங்கிக்கொண்டிருந்தது அதைப்போல் அறுநூறு மடங்குக்கும் மேல். உடம்புக்கு அதனால் பெரிய கேடில்லை, பரிசோதனைக்குத்தான் கேடு என்று அவர் விளக்கினார். பல ஆய்வகக் கருவிகள், பயோட்டினுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் இடையிலான இறுக்கமான பிணைப்பைக் கொண்டே ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பியிருந்தால் பிடிக்க வேண்டிய இடங்களை அதுவே அடைத்துக்கொள்வதால், அளக்கும் முறையைப் பொறுத்து ஏ.எம்.எச்., டி.எஸ்.எச். போன்றவற்றின் அளவு பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். எல்லா ஆய்வகங்களின் முறையும் இப்படிப் பாதிக்கப்படுவதில்லை என்றாலும், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

ஒரு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் மூன்றாவது வீண் பயணம் காத்திருந்தது. மையத்து மருத்துவரின் முத்திரை இல்லாத சீட்டுக்கு இரத்தம் எடுக்க மாட்டோம் என்று கவுன்ட்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார். ஹார்மோன் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு அது என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டு நாள் கழித்து முத்திரையோடு போனேன். ஏ.எம்.எச். 1.1. தைராய்டு இரண்டும் சரியான அளவில். அந்தத் தாளைப் பேருந்து நிலையத்தில் நின்றபடி நான்கு முறை படித்தேன்.

இதற்குப் பிறகுதான் மற்ற மாத்திரைகளைப் பற்றியும் உட்கார்ந்து படித்தேன். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் உருவாகி, குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையின் நடுவில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. 37 ஆண்டுகளாக அந்தக் குரோமோசோம்களை ஒட்டிப் பிடித்துவைத்திருக்கும் புரதம் நைந்துபோவதும், முட்டைக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் களைத்துப்போவதும்தான் முட்டைக்கு வயதாவது என்பதன் பெரும்பகுதி. க்யூ10 அந்த மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி உற்பத்தியில் வேலை செய்யும் பொருள் என்பதால், வயதான எலிகளிடம் அது நல்ல பலன் காட்டியதாக 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெண்களிடம் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. ஆன்டி-ஆக்சிடன்ட்கள் குறித்து 63 ஆய்வுகளையும் 7,760 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பு, பலன் இருக்கலாம், ஆனால் சான்றுகள் தரத்தில் மிகவும் தாழ்ந்தவை என்றுதான் முடித்திருக்கிறது. இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது: ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அந்தச் 'சேதம்' முழுக்க முழுக்கக் கெட்டதல்ல, ஃபாலிக்கிள் வெடித்து முட்டை வெளியேறுவதற்கே அது ஓரளவு தேவை என்று எலிகளை வைத்து 2011-இல் காட்டியிருக்கிறார்கள். எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற என் கணக்கு அங்கேயே உடைந்தது.

மருத்துவரிடம் பேசிய பிறகு க்யூ10-ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு ஃபாலிக்கிள் கடைசிக் கட்ட வளர்ச்சியை முடிக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால், பத்து நாள் சாப்பிட்டுவிட்டு முட்டை எடுக்கப் போவதில் பொருளில்லை. அது கொழுப்பில் கரைவது, ஆகவே வெறும் வயிற்றில் அல்லாமல் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இதை என் சீட்டில் யாரும் எழுதவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஊசிகள், ஸ்கேன்கள், முட்டை எடுத்த நாள் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. ஆறு முட்டைகள் கிடைத்தன, நான்கு முதிர்ந்தவை, இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. அவை மாத்திரையால் வந்தவையா, என் உடம்பில் இருந்தவையா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லப் போவதில்லை.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் டப்பாக்களின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடி, தோல், நகம் என்று எதற்கு விற்கப்பட்டாலும் பயோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்தையே கேளுங்கள். ஏ.எம்.எச். எண்ணையும் ஸ்கேனில் வந்த ஃபாலிக்கிள் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த 0.4 தாள் இன்னும் என் கோப்பின் மேல்தான் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு மருத்துவரும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார். சென்ற வாரம் சிவப்புப் பேனாவால் அதன் ஓரத்தில் 'பயோட்டின் விழுங்கிய அன்று எடுத்தது' என்று எழுதினேன். கோப்பில் நோயாளி எழுதக் கூடாது என்று வரவேற்பில் இருந்த பெண் கடிந்துகொண்டார். எழுதியதை அழிக்க அவரிடமும் வழி இல்லை.