ஃபர்ஸ்ட் இயர் எம்.பி.பி.எஸ்.: கை பழகும் வரை ஒரு நாட்குறிப்பு

2024 நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்தது, இனி வகுப்புகள் வேகம் பிடிக்கும். அனாட்டமி (உடற்கூறு), பிசியாலஜி (உடலியங்கியல்), பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்) என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் தியரி இரண்டு பேப்பர் சேர்த்து 200 மதிப்பெண், பிராக்டிகலும் வைவாவுமாக (வாய்மொழித் தேர்வு) 100. வருகைப்பதிவு தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் இருந்தாக வேண்டும். இவை எல்லோருக்கும் பொதுவானவை. சொந்தமாக ஓர் இலக்கு வைப்பதென்றால், அது வந்துவிட்டதா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவர் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். ‘தினமும் ஆறு மணி நேரம் படிப்பேன்’ என்பது அந்தச் சோதனையில் தேறாது. ‘எந்த எலும்பைக் கையில் கொடுத்தாலும் அரை நிமிடத்தில் வலதா இடதா சொல்வேன்’ என்பது தேறும்.

முதல் இலக்கு படிப்பே இல்லை, ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகவும் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசி. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். இன்று முதல் டோஸ் என்றால் அடுத்தது டிசம்பர் தொடக்கத்தில், மூன்றாவது மே தொடக்கத்தில். தோள்பட்டை தசையில்தான் போட வேண்டும்; இடுப்பில் போட்டால் எதிர்ப்புத்திறன் சரியாக உருவாகாமல் போகலாம். குழந்தையிலேயே போட்டவர்கள் அந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டுபோய், டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப்பொருளின் அளவு) பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திய பிறகு அட்டையைத் தேடி என்ன பயன்?

2024 நவம்பர் 16, சனி

இந்த மாதம் மேல் கை. ஹியூமரஸ், அதாவது மேல் கை எலும்பு, வலதா இடதா என்று சொல்ல இரண்டு அடையாளம் போதும்: உருண்டைத் தலை மேலே, உடலின் நடுப்பக்கம் பார்த்து இருக்கும், கீழ்முனையின் ஆழமான ஒலெக்ரனான் குழி பின்பக்கம். அதோடு எலும்பைத் தொட்டுப் போகும் மூன்று நரம்புகளும் வர வேண்டும். சர்ஜிகல் நெக்கில் (தலைக்குக் கீழே குறுகும் இடம்) ஆக்சிலரி, பின்பக்கப் பள்ளத்தில் ரேடியல், முழங்கையின் உள்பக்கப் புடைப்பான உள் எபிகாண்டைலுக்குப் பின்னால் அல்நார். வைவாவில் எலும்பைக் கொடுத்தால் அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘இங்கே உடைந்தால் எந்த நரம்பு போகும்?’ என்பதுதான்.

டிசெக்‌ஷன் ஹாலில் (உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) அக்குள் பகுதி. தோல் ஓரிரு மில்லிமீட்டர்தான். கத்தியை அழுத்தினால் தோலுக்கு அடியில் ஓடும் சின்ன நரம்புகள் தோலோடு போய்விடும். தோல் பிரிந்ததும் கத்திக்கு வேலை குறைவு. கத்தரியை மூடியபடி கொழுப்புக்குள் நுழைத்து, உள்ளே மெதுவாகத் திறந்து, நரம்பு ஓடும் திசையிலேயே விலக்க வேண்டும். குறுக்கே விலக்கினால் அறுந்துவிடும். கையை உடலிலிருந்து நன்றாக விலக்கி வைத்தால்தான் இடம் கிடைக்கும்.

பிரேக்கியல் பிளெக்சஸில் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) முதலில் தேட வேண்டியது ஆக்சிலரி தமனியைச் சுற்றி ஆங்கில ‘எம்’ போல நிற்கும் மூன்று நரம்புகள்: வெளியோரம் மஸ்குலோகியூட்டேனியஸ், நடுவில் இரண்டு வேர் சேர்ந்த மீடியன், உள்ளோரம் அல்நார். அது கிடைத்தால் மற்றவை தானாக அமையும். அல்நாரையும் முன்கையின் உள்பக்கத் தோல் நரம்பையும் குழப்பிக்கொள்ளாத மேசை குறைவு. இரண்டும் தமனிக்கும் சிரைக்கும் இடையில்தான் கிடக்கும். பருமனை நம்பாமல், போய்ச் சேரும் இடம் வரை தொடர்ந்து பார்ப்பதே வழி. எபிகாண்டைலுக்குப் பின்னால் போவது அல்நார்.

கிளம்பும்போது திறந்த பகுதியை ஈரத்துணியால் மூட வேண்டும். அதை மறந்தால் திங்கட்கிழமை நரம்பும் நாரும் ஒரே நிறத்தில் காய்ந்து கிடக்கும்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாவது டோஸ் ஆயிற்று. நினைவுக்கு ஆன்கி (கேள்வி-பதில் அட்டைகளை இடைவெளி விட்டு மறுபடி காட்டும் ஆப்) கார்டுகள். ஒரு கார்டுக்கு ஒரே கேள்வி. ‘மீடியன் நரம்பு பற்றி எழுதுக’ என்று கார்டு போட்டால் அது கார்டு இல்லை, கட்டுரை. அடுத்தவர் செய்த பல்லாயிரம் கார்டு தொகுப்பை இறக்கி வைப்பதில் லாபமில்லை. பாக்கி மலையாகக் குவிந்து, ஒரு மாதத்தில் ஆப்பைத் திறக்கவே பயம் வரும். புதிய கார்டு ஒரு நாளைக்கு இருபதைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

2025 ஜனவரி 18, சனி

பொங்கலுக்குப் பிறகு ஹெமட்டாலஜி (ரத்தவியல்) பிராக்டிகல். இலக்கு: ஒரே ரத்தத்தின் அணுக்களை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினால், எண்ணிக்கை பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும்.

ஆர்.பி.சி. (சிவப்பணு) பிப்பெட்டில் (அளவுக் குழாய், சிவப்பு மணி உள்ளது) ரத்தம் 0.5 கோடு வரை, ஹேயம் திரவம் 101 வரை. இது 1:200 நீர்ப்பு. டபிள்யூ.பி.சி. (வெள்ளையணு) பிப்பெட்டில் (வெள்ளை மணி) ரத்தம் 0.5, டர்க் திரவம் 11 வரை, 1:20. இதிலுள்ள அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

எண்ணியதிலிருந்து ஒரு கன மி.மீ.க்கு எத்தனை என்று காணும் இரண்டு வாய்பாடும் மனப்பாடத்துக்கு உரியவை அல்ல. நியூபாவர் சேம்பரின் (அணுக்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடி) ஆழம் 0.1 மி.மீ. வெள்ளையணுவுக்கு 1 சதுர மி.மீ. மூலைக் கட்டங்கள் நான்கு, அதாவது 0.4 கன மி.மீ.; எண்ணியதை 0.4 ஆல் வகுத்து 20 ஆல் பெருக்கினால் × 50. சிவப்பணுவுக்கு 80 சின்னக் கட்டங்கள், 0.02 கன மி.மீ.; அதனால் × 10,000. இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினால் வைவாவில் பாதி கிணறு தாண்டியாயிற்று. ஆனால் பாதிதான், மீதி கையில் இருக்கிறது.

தவறுவது இங்கே: விரலைப் பிசைந்து ரத்தம் எடுத்தால் திசுநீர் கலந்து எண்ணிக்கை குறையும். ரத்தம் கோட்டைத் தாண்டிவிட்டால் பஞ்சால் ஒற்றிக் கொஞ்சம் இறக்கலாம்; ரொம்ப தாண்டினால் கழுவிவிட்டு மறுபடி எடுப்பதே நேர்மை. பிப்பெட் தண்டில் நிற்பது வெறும் திரவம் என்பதால் முதல் சில சொட்டுகளைக் கொட்டிவிட வேண்டும். சேம்பரை நிரப்பும்போது திரவம் பக்கத்துப் பள்ளத்தில் வழிந்தால் அந்த நிரப்பல் செல்லாது. ஓரிரு நிமிடம் அணுக்கள் படியட்டும். கட்டத்தின் கோட்டில் உட்கார்ந்த அணுக்களில், இரண்டு பக்கத்தை எண்ணி இரண்டு பக்கத்தை விட வேண்டும், கடைசிக் கட்டம் வரை அதே பக்கங்கள்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

பி.பி. (ரத்த அழுத்தம்) வாழ்நாள் முழுக்க எடுக்கப்போவது, பலரும் பாதி தப்பாகவே பழகுவது. இலக்கு: இரட்டைக் குழாய் ஸ்டெத்தில் சீனியரும் ஜூனியரும் ஒன்றாகக் கேட்டு, தனித்தனியாக எழுதினால் 4 மி.மீ.க்குள் (பாதரச அளவில்) ஒத்துப்போக வேண்டும்.

ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது. முந்தைய அரை மணியில் காபி, டீ, பீடி, சிகரெட் இல்லை. கை இதய மட்டத்தில் மேசைமேல். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டு அதற்கு மேலே கஃப் (காற்றடிக்கும் பட்டை) கட்டுவது வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் பை கைச்சுற்றளவில் 80 சதவீதத்தை மூட வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் பி.பி. இல்லாதவருக்கும் பி.பி. வந்துவிடும். கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே.

முதலில் ஸ்டெத் வேண்டாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடித்து, நாடி மறையும் அளவைக் குறிக்க வேண்டும். காற்றை இறக்கிவிட்டு, ஸ்டெத்தை வைத்து, குறித்த அளவுக்கு 30 மி.மீ. மேலே ஏற்ற வேண்டும். இந்தப் படியைத்தான் அவசரத்தில் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். சிலருக்கு முதல் ஒலிகள் கேட்டு, நடுவே கொஞ்சம் மௌனமாகி, மறுபடி கேட்கும். அந்த இடைவெளிக்குள் தொடங்கினால் 180 இருப்பவருக்கு 140 என்று எழுதிவிடுவோம்.

இறக்குவது வினாடிக்கு 2–3 மி.மீ. முதல் தட்டல் சிஸ்டாலிக் (மேல் அளவு), ஒலி முற்றிலும் மறைவது டயஸ்டாலிக் (கீழ் அளவு). 1905இல் நிக்கோலாய் கொரோட்கோவ் விவரித்த ஒலிகளே இன்றும் அளவுகோல். அனிராய்டு (முள் சுற்றும்) மீட்டரில் கோடுகள் 2 மி.மீ.க்கு ஒன்று, அதனால் 130/80, 120/80 என்று வரிசையாகப் பூஜ்யத்தில் முடியும் ரெக்கார்டு, காதால் கேட்டதா கற்பனையா என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

2025 மார்ச் 9, ஞாயிறு

ஹிஸ்டாலஜி (திசுவியல்). மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்ததும் 40எக்ஸ் லென்ஸுக்குத் தாவினால் எல்லாம் ஊதாப் புள்ளிகள். முதலில் 4எக்ஸில் உறை, குழி, அடுக்கு. லிம்ப் நோடா (நிணநீர்க் கணு) மண்ணீரலா என்ற குழப்பத்தில்: உறைக்கு அடியில் சைனஸ், வெளியே கார்டெக்ஸ், உள்ளே மெடுல்லா என்றால் நோடு, அப்படிப் பிரிவில்லாமல் சிவந்த பரப்பில் ஊதாத் திட்டுகள், திட்டுக்குள் ஓரமாக ஒரு தமனி என்றால் மண்ணீரல். ஸ்பாட்டரில் (பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) பெயரோடு இரண்டு காரணம் எழுத வராவிட்டால், அடையாளம் கண்டதும் அதிர்ஷ்டமே.

2025 மே 5, திங்கள்

மூன்றாவது டோஸ். ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்.பி.எஸ். டைட்டர் பார்க்க வேண்டும். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி, குறைந்தால் மறுசுற்று.

ஃபவுண்டேஷன் கோர்ஸில் (படிப்பின் தொடக்க அறிமுக வகுப்பு) கற்ற சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி) சில மாதங்களில் கையைவிட்டுப் போய்விடும். ஸ்கில்ஸ் லாபில் பொம்மை மேல் மறுபடி: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5–6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஆழம் மட்டும் போதாது, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் கையை முழுக்க மேலே விடவும் வேண்டும். நெஞ்சு திரும்ப எழும்பாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிறையாது.

2025 ஜூன் 21, சனி

யூரின் பிராக்டிகல். முதலில் சர்க்கரைக்கு: பெனடிக்ட் கரைசல் 5 மி.லி., யூரின் 8 சொட்டு, இரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீலம், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. நிறத்தைக் கண்டதும் ‘குளுக்கோஸ்’ என்று எழுதக் கூடாது. ஒடுக்கும் பொருள் இருக்கிறது என்று மட்டுமே இது சொல்லும். வைட்டமின் சி மாத்திரை நிறைய விழுங்கியவருக்கும் நிறம் மாறலாம்.

புரதத்துக்கு, டியூபில் முக்கால்வாசி யூரின் எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். கீழே தெளிவாக இருக்கும் பகுதிதான் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கலங்கினால் நீர்த்த அசெட்டிக் அமிலம் சில சொட்டு. கலங்கல் மறைந்தால் பாஸ்பேட், நின்றால் புரதம். டியூபின் வாயை எதிரில் நிற்பவர் பக்கம் காட்டாமல் பிடிக்கவும்.