ஆயித்தியமலைக்குச் சிலுவை சுமந்து போனோம்

அம்மாவின் நேர்த்தி இந்த வருசம் நிறைவேறியது, சதாசகாய மாதாவுக்குத் தோத்திரம். தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் நினைவில்லாமல் கிடந்த நேரம், அவன் எழும்பி நடந்தால் மட்டக்களப்பு ஆயித்தியமலை மாதா கோயில் திருநாளுக்குச் சிலுவை சுமந்து கால்நடையாக வருவான் என்று நேர்ந்தவ அவதான். அவவுக்கு இப்போ முழங்கால் ஏலாது. அதனால் தம்பியோடு நான் போனேன்.

செப்டம்பர் பிறந்தும் கச்சான் காற்று ஓயவில்லை. விடியமுன்னமே செபமாலை சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டோம், வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு கழியும்போதே வெயில் ஏறி, தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாத சூடு. சிலுவை முதிரை மரத்தில் மாமா செய்து தந்தது. முதிரை சும்மாவே பாரம். விபத்தில் உடைந்த தோளில் வைக்காதே என்று எத்தனையோ தரம் சொன்னேன், மற்றத் தோள் மரத்துப்போனதும் அவன் அதிலேதான் மாற்றி வைத்தான். கொஞ்சத் தூரத்தில் சேட்டில் இரத்தம் ஊறுவது தெரிந்தது. நான் தலைப்பக்கம் பிடித்துப் பார்த்தேன், உயரம் ஒத்துவராமல் பாரம் முழுக்க அவன் பக்கமே சரிந்தது.

அப்போதுதான் எதிரே வயலால் வந்துகொண்டிருந்த ஒரு ஐயா சைக்கிளை நிற்பாட்டினார். நெற்றியில் திருநீறு, காலில் காயாத சேறு, பின்னால் மண்வெட்டி கட்டியிருந்தது. "தம்பிட தோளப் பாரு மனே, ரத்தம் கசியுது. நீ விடு, நான் புடிக்கிறன்" என்றார். நேர்த்தி ஐயா, அவன்தான் சுமக்க வேண்டும் என்றேன். "அவன் முன்னுக்குச் சுமக்கட்டும், நான் பின்னுக்கு வாறன்" என்று சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வால்பக்கத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். அடுத்த சந்திவரை எங்கள் செபமாலைக்கு நடுவே ஒரு சொல்லும் பேசாமல் நடந்தார். தண்ணீர்ப் பந்தலில் இறக்கி வைத்ததும், சைக்கிளை எடுக்க அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து போனார்.

சிலுவைப்பாதையில், சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவும் ஐந்தாம் ஸ்தலம் வந்தால் முழந்தாளிட்டு எழும்பி அடுத்ததுக்குப் போய்விடுவோம். சீரேன் ஊர்ச் சீமோன் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவர் என்று மாற்கு எழுதியிருக்கிறார், அலக்சாந்தர், ரூபு என்று அவருடைய இரண்டு பிள்ளைகளின் பெயரும் அதில் உண்டு. இயேசுவுக்குப் பின்னால் சுமந்துவந்தார் என்கிறார் லூக்கா. சீமோனையாவது படைவீரர்கள் கட்டாயப்படுத்தினார்கள். இந்த ஐயாவை யார் கட்டாயப்படுத்தினது?

கோயிலடியில் சரியான சனம். மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், ஓட்டோக்காரர் வாய்க்கு வந்த காசு கேட்கிறார், பீடத்தை மறைத்துக்கொண்டு போனில் படம் பிடிக்கிறவர்களால் ஒரு செபம் ஒழுங்காகச் சொல்ல ஏலாது. கடைகளில் கொத்துக் கொத்தாகச் சிலுவைச் சங்கிலி. ரோமர் அடிமைகளையும் கலகக்காரரையும் ஊர் பார்க்கத் தொங்கவிட்டுக் கொன்ற மரம் அது. கழுத்தில் போடுவது பிழையில்லை, நானும் போடுகிறேன். ஆனால் இன்னொருவர் பாரத்துக்குத் தோள் கொடுக்காமல் அதைப் போட்டு என்ன?

நெரிபட்டு ஒருபடியாக, சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். தம்பி ஆணி அறைந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான், பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் கையை எடுக்கவில்லை. எனக்கு நன்றி சொல்லத்தான் வாய் வந்தது, அதோடு சீயோன் தேவாலயமும் மனசில் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்று குண்டுவெடிப்பில் செத்துப்போன பிள்ளைகள். எங்கள் அம்மாவுக்குப் பிள்ளை திரும்பக் கிடைத்தான், இதே மட்டக்களப்பில் அந்தத் தாய்மாருக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. சிலுவையடியில் மாதாவும் நின்றா. மகனை இறக்கவும் முடியாமல், விட்டுப் போகவும் மனமில்லாமல் நின்றா. அந்தத் தாய்மாருக்குப் பக்கத்திலும் அவ நிற்கிறா என்பதை மட்டும் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் எழுதிக் கொண்டுபோன விண்ணப்பங்களில் பாதி மறந்துபோச்சு. அந்த ஐயாவுக்கு இந்தப் போகம் நல்லா விளைய வேணும், அவர் பிள்ளைகள் சுகமாக இருக்க வேணும், ஆஸ்பத்திரியில் தம்பியை இரவிரவாகப் பார்த்த தாதிமாருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. மாதாவே, நீங்கள் தந்த உயிர், கோடி நன்றி அம்மா.